தச்சர் மகனின் தறி

ஆசியாவின் அறிவியல், தொழில்நுட்ப எழுச்சியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். டிரான்சிஸ்டர் வானொலி, வண்ணத் தொலைக்காட்சி, சிறிய கார், பிறகு கணினிச் சில்லு என்று வரிசை நீள்கிறது. மேற்கில் பிறந்ததைக் கிழக்கு மலிவாகச் செய்து விற்றது என்கிற ஏளனமும் அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டே வரும். அந்த எழுச்சியின் முதல் அத்தியாயம் அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, மரத்தாலான ஒரு கைத்தறியில் எழுதப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். எழுதியவர் உயர்கல்வி எதையும் காணாத ஒரு தச்சரின் மகன், சகிச்சி டொயோடா. இன்று உலகின் சாலைகளில் ஓடும் டொயோட்டா கார்களுக்குப் பெயர் தந்த குடும்பத்தின் முன்னோடி. ஆனால் அவர் ஒரு காரைக்கூடச் செய்ததில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் செய்தது தறி.

1867 பிப்ரவரி 14 அன்று, இன்றைய ஷிசுவோகா மாநிலத்தின் மேற்கு விளிம்பில், ஹமானா ஏரியை அடுத்த ஒரு சிற்றூரில் அவர் பிறந்தார். இப்போது அது கோசாய் நகரத்தின் ஒரு பகுதி. அடுத்த ஆண்டே ஷோகுன்களின் ஆட்சி முடிவுக்கு வந்து மெய்ஜி காலம் பிறந்தது. தந்தை இகிச்சி தச்சுவேலையும் சிறிதளவு வேளாண்மையும் செய்து குடும்பத்தைக் காத்தவர். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது; பையன் தந்தையிடமே உளியும் இழைப்புளியும் பிடிக்கக் கற்றான். பருத்தி விளையும் வட்டாரம் அது. வீட்டுக்கு வீடு ஒரு கைத்தறி இருக்கும். பகலில் வயல் வேலை, மாலைக்குப் பின் தறி என்று பெண்களின் நாள் கழியும். தாய் நள்ளிரவுவரை நெய்வதைக் கண்டு மகன் மனமுருகி இயந்திரம் செய்யத் துணிந்தான் என்று ஜப்பானில் ஒரு கதை வழங்குகிறது. மேதைகளின் இளமையைப் பற்றிய கதைகளை நான் சற்று ஐயத்துடனேயே படிப்பது வழக்கம். எனினும் இந்தக் கதையில் ஓர் உண்மை இருக்கிறது. அவர் தேர்ந்தெடுத்த சிக்கல் நூலகத்திலோ ஆய்வகத்திலோ கிடைத்ததன்று. அவர் வீட்டுத் திண்ணையில் கிடந்தது.

சகிச்சியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, அவருக்கு முன் வந்த இன்னொருவரின் வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும். கௌன் தத்சுச்சி என்பவர் இளமையில் பௌத்தத் துறவியாக இருந்தவர். தகரக் குழாய்களில் பஞ்சை அடைத்துச் சுழலவிட்டு நூல் இழுக்கும் எளிய பொறி ஒன்றை அவர் கண்டுபிடித்தார். ஓடும்போது எழுந்த கடகட ஒலியால் மக்கள் அதற்குக் கராபோ என்று பெயரிட்டார்கள். 1877இல் தோக்கியோவின் உவேனோ பூங்காவில் நடந்த முதலாவது தேசியத் தொழில் கண்காட்சியில் அதற்கு உயரிய பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்ததே அவருக்கு வினையாயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பித் தச்சரை அழைத்து அதே பொறியைச் செய்துகொண்டார்கள். நாடெங்கும் கராபோ பரவியது. கண்டுபிடித்தவரோ வறுமையில் உழன்றார். கண்டுபிடிப்பாளனுக்கு எந்த உரிமையும் அளிக்கும் சட்டம் அன்று ஜப்பானில் இல்லை.

1885 ஏப்ரலில் அந்தச் சட்டம் வந்தது. அதை வடிவமைத்துக் காப்புரிமை அலுவலகத்தின் முதல் தலைவரானவர் தகாஹாஷி கொரெகியோ. பின்னாளில் நிதியமைச்சராகவும் பிரதமராகவும் இருந்தவர். நாட்டுப்புறத்து இளைஞன் ஒருவன் அச்சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, இனி கண்டுபிடிப்பையே தன் தொழிலாகக் கொள்ளலாம் என்று முடிவு செய்கிறான் என்றால், ஒரு சட்டத்துக்கு அதைவிடப் பெரிய வெற்றி வேண்டியதில்லை. சகிச்சிக்கு அப்போது வயது பதினெட்டு. சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய தன்முயற்சி பற்றிய ஆங்கில நூலை நகாமுரா மசானாவோ 1871இலேயே ஜப்பானிய மொழியில் பெயர்த்திருந்தார். ஆங்கிலேயப் பொறிகளைச் செய்தவர்களில் பலர் எளிய கைவினைஞர்களே என்கிற செய்தியைச் சிற்றூர்கள்வரை கொண்டுசேர்த்தது அந்நூல். அதைப் படித்தவர்களில் சகிச்சியும் ஒருவர்.

ஊரார் கண்ணுக்கு அவர் வேலைவெட்டி இல்லாதவராகத் தெரிந்தார். தந்தை சொன்ன தச்சுவேலையை விட்டுவிட்டு, கொட்டகைக்குள் மரச் சட்டங்களைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்த மகனைப் பார்த்துக் குடும்பம் கவலை கொண்டது. 1890இல் அதே உவேனோவில் மூன்றாவது தேசியத் தொழில் கண்காட்சி நடைபெற்றது. சகிச்சி அங்கு சென்று, வெளிநாட்டு இயந்திரங்கள் வைத்திருந்த கூடத்தில் நாள்தோறும் போய் நின்றார். ஒவ்வோர் இயந்திரமும் எப்படி இயங்குகிறது என்று விளங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பல்கலைக்கழகம் செல்ல வாய்ப்பில்லாதவனுக்கு அந்தக் கூடமே பல்கலைக்கழகம் ஆயிற்று. அரசு நடத்தும் கண்காட்சிகளை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவோர் இதைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்கலாம்.

அடுத்த ஆண்டு, 1891 மே மாதத்தில், அவருக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. தறியின் உறுப்புகளுக்குத் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை என்பதால் அந்தப் பொறியை இங்கே விளக்குவது எளிது. நீளவாக்கில் பாவு விரிந்திருக்கிறது. ஊடை நூலைச் சுமந்த நாடா இடமும் வலமுமாக அதன் குறுக்கே ஓடுகிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் அச்சு வந்து ஊடையை நெருக்குகிறது. அன்றைய ஜப்பானியத் தறியில் நாடாவை எறிய ஒரு கையும் அச்சை இழுக்க இன்னொரு கையும் வேண்டும். சகிச்சியின் தறியில் ஒரு கையால் அச்சை முன்னும் பின்னும் அசைத்தாலே போதும். அந்த அசைவே நாடாவையும் ஓட்டிவிடும். நெய்யும் வேகம் ஏறத்தாழ நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு கூடியது. துணியும் முன்னைவிடச் சீராக இருந்தது.

ஆனால் அந்தத் தறியால் அவர் பணக்காரராகிவிடவில்லை. கையால் இயக்குவதை எவ்வளவுதான் திருத்தினாலும் விலையும் விளைவும் ஓர் அளவைத் தாண்டாது. தோக்கியோவில் தன் தறிகளை வைத்துச் சிறிய நெசவுக்கூடம் ஒன்று தொடங்கினார். ஓராண்டளவில் அதை மூடிவிட்டு ஊர் திரும்பினார். 1893இல் திருமணம் நடந்தது. 1894 ஜூனில் கீச்சிரோ என்ற மகன் பிறந்தான். கணவரின் கவனமெல்லாம் பொறியின்மீதே இருந்த அந்த வீட்டில் மனைவியால் தங்க முடியவில்லை. குழந்தையை விட்டுவிட்டுப் பிறந்தகம் சென்றவர் திரும்பவில்லை. மகனைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். இந்தப் பக்கத்தை வாழ்க்கை வரலாறுகள் விரைந்து கடந்துவிடுகின்றன. கண்டுபிடிப்புக்குக் கொடுக்கப்பட்ட விலையில் ஒரு பகுதியை, அதைக் கேட்டிராத ஒரு பெண்ணும் ஒரு கைக்குழந்தையும் செலுத்தினார்கள் என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். 1897இல் அவர் மணந்த ஆசாகோ வேறு இயல்பினர். கணக்கு, கடை, தொழிலாளர் சாப்பாடு ஆகிய அனைத்தையும் அவரே ஏற்று நடத்தினார். அவர் இல்லாதிருந்தால் பின்னர் வந்த எதுவும் நடந்திருக்குமா என்பது ஐயமே.

பணத்துக்கு வழி காட்டியது தறியன்று. 1894இல் அவர் செய்த நூல் சுற்றும் பொறி. அது நன்றாக விற்றது. அந்த வருவாயைக்கொண்டு 1896இல், இரும்பும் மரமும் கலந்த விசைத்தறி ஒன்றை முடித்தார். ஜப்பானியர் ஒருவர் உருவாக்கிய முதல் விசைத்தறி அதுதான். 1898இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த தறிகள் முழுக்க இரும்பாலானவை. விலையும் மிக அதிகம். அவை அகலமான துணிக்காக வடிவமைக்கப்பட்டவை. ஜப்பானியரின் கிமோனோவுக்கு வேண்டியதோ ஒரு முழத்துக்கும் குறைவான அகலம். விசை தாங்க வேண்டிய இடங்களில் மட்டும் இரும்பை வைத்து, மற்றவற்றை உள்ளூர்த் தச்சர் செய்யக்கூடிய மரத்தில் விட்டார் சகிச்சி. இதனால் இறக்குமதித் தறியின் விலையில் ஒரு சிறு பங்குக்கே அவரால் தறியை விற்க முடிந்தது. சிறு முதலாளிகளும் வாங்கினார்கள். இதை மலிவான நகல் என்று சொல்பவர், நகலெடுப்பதற்கு அப்படியொரு மூலம் எங்கே இருந்தது என்பதைக் காட்ட வேண்டும்.

அந்தத் தறியில் ஒரு சிறிய அமைப்பு இருந்தது. ஊடை அறுந்துவிட்டால் தறி தானாக நின்றுவிடும். அதற்கு முன்பு, நூல் அறுந்ததை நெசவாளி கவனிக்கத் தவறினால் தறி வெறுமனே ஓடிக் குறையுள்ள துணியை நெய்துகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு தறிக்கும் ஒரு காவல்காரர் தேவைப்பட்டார். தவறு நேர்ந்தால் நின்றுவிடும் தறிக்குக் காவல் வேண்டியதில்லை. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். சகிச்சியின் மற்ற கண்டுபிடிப்புகள் எல்லாம் மறைந்துபோனாலும் இந்த ஒன்றுக்காகவே அவரை நினைவுகூரலாம் என்பேன்.

தரமான துணியைக் கண்ட மிட்சுயி வணிக நிறுவனம் அவரைத் தேடி வந்தது. 1899இல் அதன் துணையோடு தறி செய்யும் நிறுவனம் ஒன்று உருவானது. விரைவிலேயே வணிகம் மந்தமானது; ஆய்வுக்குப் பணம் வரவில்லை; அவர் விலகினார். 1903இல் தன் வாழ்வின் பெருஞ்சிக்கலில் முதல் வெற்றி கண்டார். நாடாவுக்குள் இருக்கும் தாரில் கொஞ்ச நூல்தான் கொள்ளும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தீர்ந்துவிடும். தறியை நிறுத்தி நாடாவை மாற்ற வேண்டும். ஓடுகிற தறி நிற்காமலேயே பழைய நாடா வெளியேறிப் புதிய நாடா உள்ளே வரும் அமைப்பை அவர் கண்டார். 1907இல் பெரும் பங்குதாரர்கள் சேர்ந்து அவர் பெயரிலேயே தறி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆய்வு முதிர வேண்டும் என்றார் சகிச்சி. இலாபம் உடனே வர வேண்டும் என்றனர் பங்குதாரர்கள். 1910இல், தம் பெயர் தாங்கிய நிறுவனத்திலிருந்தே வெளியேறும் நிலை அவருக்கு ஏற்பட்டது. வயது 43.

இந்தப் பகைமையில் யார் பக்கம் நியாயம் என்று சொல்வது கடினம். பணம் போட்டவர்களின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனாலும் அந்த அனுபவத்திலிருந்து சகிச்சி கைக்கொண்ட ஒரு விதி பின்னாளில் பெரும் பயன் தந்தது. உண்மையான ஆலையில், உண்மையான நூலோடு, நெடுநாள் ஓட்டிப் பார்க்காத எந்தப் பொறியையும் விற்பதில்லை என்பதே அது. அரைகுறையாக வெளியே வரும் பொறி, அதைச் செய்தவரின் பெயரை மட்டுமன்றி, உள்நாட்டுப் பொறி என்கிற சொல்லின் மதிப்பையே கெடுத்துவிடும் என்பதை அவர் பட்டறிந்திருந்தார்.

மனமுடைந்த நிலையில் அவர் 1910 மே மாதம் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அமெரிக்க ஆலைகளில் நார்த்ரப் தானியங்கித் தறிகள் ஓடுவதைக் கண்டார். நாடாவை விட்டுவிட்டுத் தாரை மட்டும் மாற்றும் முறை அவற்றினுடையது. உன்னிப்பாகப் பார்த்தபின், தம் வழி தாழ்ந்ததன்று என்கிற நம்பிக்கை அவருக்குப் பிறந்தது. அட்ரினலினைப் பிரித்தெடுத்துப் புகழ்பெற்றிருந்த ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினேயை நியூயார்க்கில் சந்தித்தார். கண்டுபிடிப்பைக் கைவிடக்கூடாது என்கிற ஊக்கம் அங்கே கிடைத்தது. சாலைகளில் ஓடிய மோட்டார் கார்களும் அவர் கண்ணில் பட்டன. பிரிட்டனையும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றையும் பார்த்துவிட்டு 1911 தொடக்கத்தில் நாடு திரும்பினார்.

திரும்பியவர் செய்தது, என் பார்வையில், அவர் வாழ்க்கையின் மிகக் கூர்மையான முடிவு. ஆய்வுக்குப் பிறரிடம் கையேந்துவதை விட்டுவிட்டு, நகோயாவில் நிலம் பெற்றுத் தாமே ஒரு நெசவாலை தொடங்கினார். துணி விற்ற பணம் ஆய்வுக்கு, ஆலையே சோதனைக்கூடம். தானியங்கித் தறி ஓடும் வேகத்துக்கு, வாங்கிய நூல் தாங்காமல் அறுந்தது. குறை தறியிலா நூலிலா என்று அறிய வேண்டுமானால் நூலும் தம்முடையதாக இருக்க வேண்டும் என்று 1914இல் நூற்பையும் சேர்த்துக்கொண்டார். முதல் உலகப் போர் ஐரோப்பியத் துணியின் வரவை ஆசியச் சந்தைகளில் குறைத்தது. ஜப்பானிய ஆலைகள் கொழித்தன, அவருடையதும் வளர்ந்தது. 1918இல் அது பங்கு நிறுவனமாயிற்று. இப்போதும் அவர் ஆய்வை விடவில்லை. நாடா முன்னும் பின்னும் ஓடுவதில் விசை வீணாகிறது என்று கருதி, துணியை வட்டமாக நெய்யும் தறி ஒன்றை 1906இலேயே கண்டிருந்தார். அதைப் பல்லாண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தும் அவர் காலத்தில் அது சந்தையைக் காணவில்லை. இன்று நகோயாவில் அவருடைய பழைய ஆலை அருங்காட்சியகமாக இருக்கிறது. வட்டத்தறியும் அங்கே உண்டு.

இந்த வளர்ச்சியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அன்றைய ஜப்பானிய நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும் உழைத்தவர்கள் பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட இளம்பெண்கள். வெளியே செல்ல விடாத விடுதிகள், இரவுப்பணி, பஞ்சுத் தூசு, காசநோய் என்று அவர்கள் வாழ்க்கை தேய்ந்தது. தானும் ஆலைத் தொழிலாளியாக இருந்த ஹோசோயி வகிசோ 1925இல் வெளியிட்ட நூல் அந்த அவலத்தை நாட்டுக்கு உரைத்தது. பெண்களுக்கும் சிறுவருக்கும் இரவுப்பணி கூடாது என்கிற சட்டம் 1929 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. வேலை நேரம் குறைந்தபோது, ஆலை முதலாளிகள் தானியங்கித் தறியை முன்னைவிட ஆர்வத்தோடு நாடினார்கள். தாயின் உழைப்பைக் குறைக்கப் பிறந்ததாகச் சொல்லப்படும் பொறி, இறுதியில் உழைப்பவரின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக வாங்கப்பட்டது. இரண்டும் உண்மை. தொழில்நுட்ப வரலாற்றில் இவ்விரண்டையும் பிரித்துவிட முடிவதில்லை.

1921இல் அவர் ஷாங்காயிலும் ஆலை தொடங்கினார். சீனத்தோடு நல்லுறவு வேண்டும் என்று அவர் உளமார விரும்பியதாக வரலாறுகள் சொல்கின்றன. அதை ஐயுற எனக்குக் காரணமில்லை. ஆனால் ஷாங்காயில் ஜப்பானிய ஆலைகள் நின்றது, வல்லரசுகள் சீனத்தின்மீது சுமத்திய ஒப்பந்தங்களின் பலத்தில். 1925 மே மாதம் வேறொரு ஜப்பானிய நிறுவனத்தின் பஞ்சாலையில் தொழிலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து மூண்ட கிளர்ச்சி சீன வரலாற்றையே திருப்பியது. ஆசிய எழுச்சி என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள், ஓர் ஆசிய நாடு இன்னொன்றின்மேல் ஏறி நின்றதும் அடங்கியிருக்கிறது.

இந்தியாவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. ஜப்பானிய ஆலைகளின் பசிக்குப் பெருமளவு பஞ்சை அளித்தது நம் நாடு. பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் இடையிலான பருத்திக் கப்பல் போக்குவரத்தை 1893இல் ஜம்ஷெட்ஜி டாட்டாவின் ஒத்துழைப்போடுதான் ஒரு ஜப்பானியக் கப்பல் நிறுவனம் தொடங்கியது. இங்கிருந்து போன பஞ்சு துணியாகத் திரும்பி வந்து நம் ஆலைகளோடு போட்டியிட்டது. 1933 ஜூனில் பிரிட்டிஷ் அல்லாத பருத்தித் துணிக்கு 75 விழுக்காடு வரி விதிக்கும் அளவுக்கு இந்திய அரசு தள்ளப்பட்டது. ஜப்பான் பதிலுக்கு இந்தியப் பஞ்சைப் புறக்கணித்தது. அதே ஆண்டளவில் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனையே முந்தியிருந்தது.

இந்த முந்தலுக்குப் பின்னால் இருந்த பொறி பிறந்தது மகனின் காலத்தில். கீச்சிரோ, தந்தைக்குக் கிட்டாத கல்வியைப் பெற்றவர். தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1920இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, தங்கை ஆயிகோவும் அவர் கணவர் ரிசாபுரோவும் சென்ற பயணத்தில் சேர்ந்துகொண்டு அமெரிக்காவும் ஐரோப்பாவும் சுற்றினார். 1922இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் சில காலம் தங்கி, உலகின் மிகப்பெரிய நெசவு இயந்திர நிறுவனமாக விளங்கிய பிளாட் பிரதர்ஸ் ஆலையில் இயந்திரங்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று கூர்ந்து பார்த்தார். ஜப்பானின் முதல் பெரும் பஞ்சாலைகளை நிறைத்ததும் அந்த நிறுவனத்தின் இயந்திரங்கள்தாம். இந்திய ஆலைகள் பலவற்றிலும் அவைதாம்.

தந்தையின் கைத்திறனும் மகனின் கணக்கும் கூடியதன் விளைவு, 1924 இறுதியில் முடிந்த ஜி வகைத் தானியங்கித் தறி. வேகம் குறையாமல் நாடா மாறும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறி நிற்கும். ஊடை தீரும் முன்பே பொறி உணர்ந்துகொள்ளும். நெசவாளி ஒருவர் முப்பது முதல் ஐம்பது தறிகளைக் கவனிக்க முடிந்தது. பழைய விதி மறக்கப்படவில்லை. காரியாவில் அமைத்த சோதனை ஆலையில் நூற்றுக்கணக்கான தறிகளை ஓட்டிப் பார்த்து, குறை நீக்கிய பிறகே விற்பனை தொடங்கியது. 1926 நவம்பரில் டொயோடா தானியங்கித் தறி நிறுவனம் அங்கேயே உருவானது.

1929 டிசம்பரில் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அந்தத் தறியைச் செய்து விற்கும் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. ஜப்பான், சீனா, அமெரிக்கா நீங்கலான உலகத்துக்கான உரிமை அது. தொழிற்புரட்சியின் தொட்டில் என்று சொல்லப்படும் லங்காஷயர், ஆசியாவில் பிறந்த ஒரு பொறிக்காகப் பணம் கொடுத்தது. ஏழாண்டுகளுக்கு முன் பார்வையாளராக நின்று குறிப்பெடுத்த அதே நிறுவனத்தோடு கீச்சிரோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தப் பணத்திலிருந்தே டொயோட்டா கார் பிறந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு இனிய கதை. கணக்கு அவ்வளவு எளிதன்று. கார் முயற்சி விழுங்கிய மூலதனம் அதைவிடப் பன்மடங்கு. தறி நிறுவனமும் அதன் பங்குதாரர்களும், சில சமயம் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டேனும், அந்தச் சுமையைத் தாங்கினார்கள் என்பதே சரி.

சகிச்சி அதைக் காணவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஓராண்டு நிறைவதற்குள், 1930 அக்டோபர் 30 அன்று, 63ஆம் வயதில் மறைந்தார். 1933இல் தறி நிறுவனத்துக்குள் கார்ப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. 1936இல் முதல் பயணிகள் கார் வெளிவந்தது. 1937இல் கார் நிறுவனம் தனியே பிரிந்தது. குடும்பப் பெயரான டொயோடா, வணிகத்துக்காக டொயோட்டா என்று மாறியதும் 1936இல்தான். ஜப்பானிய எழுத்தில் எட்டே கோடுகளில் எழுத முடிவதும் உச்சரிப்பு எடுப்பாக இருப்பதும் காரணமாகச் சொல்லப்பட்டன. நாம் தமிழில் எழுதும்போது கூடுவது ஓர் ஒற்றெழுத்து.

தறியிலிருந்து காருக்குப் போனது பணத்தைக் காட்டிலும் ஒரு பழக்கம் என்றே நான் கருதுகிறேன். டொயோடா நெசவாலையில் 1932இல் வேலைக்குச் சேர்ந்து, பின்னர்க் கார் ஆலைக்கு மாறியவர் தைச்சி ஓனோ. உலகெங்கும் மேலாண்மைக் கல்லூரிகளில் படிக்கப்படும் டொயோட்டா உற்பத்தி முறையை வடிவமைத்தவர் அவரே. அதன் தூண்களில் ஒன்று, குறை கண்ட இடத்தில் வேலையை நிறுத்துவது. தானியங்கு என்பதற்கான ஜப்பானியச் சொல்லில், அசைவைக் குறிக்கும் எழுத்தோடு மனிதரைக் குறிக்கும் கூறு ஒன்றைச் சேர்த்து எழுதி அந்தக் கோட்பாட்டுக்குப் பெயரிட்டார்கள். ஒரு சாதாரணத் தொழிலாளி கயிற்றை இழுத்து முழு ஆலை வரிசையையும் நிறுத்தலாம் என்கிற ஏற்பாடு, ஊடை அறுந்ததும் நின்ற 1896ஆம் ஆண்டு மரத்தறியின் வழித்தோன்றல்.

கடைசியாக ஒன்று. 1925இல் சகிச்சி, ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சங்கத்துக்குப் பத்து லட்சம் யென் தருவதாக உறுதியளித்தார். அது தறிக்காக அன்று, மின்கலத்துக்காக. ஜப்பானில் எண்ணெய் இல்லை. ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். எடுத்ததைச் சேமித்து வண்டியில் ஏற்ற வழி வேண்டும் என்று அவர் சிந்தித்தார். நூறு குதிரைத்திறனை 36 மணி நேரம் தொடர்ந்து தர வேண்டும். எடை ஏறத்தாழ 225 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. இவைதாம் அவர் விதித்த நிபந்தனைகளில் முக்கியமானவை. கணக்கிட்டுப் பார்த்தேன். கிலோ ஒன்றுக்குச் சுமார் 12 கிலோவாட் மணி ஆற்றல் வருகிறது. இன்றைய மின்சாரக் கார்களில் உள்ள லித்தியம் மின்கலங்கள் தருவது அதில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றலோ, கிட்டத்தட்ட அவர் கேட்ட அதே அளவு.